இடது கால் பதினாலு

ரிமோட்டு என்கிட்டதான் இருக்குக்கா. இந்தாங்க, வேணும்னா மாத்திக்கோங்க. சத்தம் மட்டும் வைக்க விடமாட்டாங்க. டேபிள்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு போன் பேசணுமாம். சத்தம் இல்லாம சீரியல் பாத்து என்ன செய்யப் போறீங்க? கார்ட்டூன்தான் சத்தம் இல்லாம பாக்கணும். பாட்டு, டமால் டுமீல் எல்லாத்தையும் எடுத்துட்டீங்கன்னா, வரைஞ்சவன் லட்சணம் அப்படியே வெளிய வந்துரும்.

உங்க வீட்டுக்காரருக்குத் தோளா? ஃபிசியோதெரபிக்கு முதல் நாளா? அப்ப முக்கா மணி நேரம் ஆகும். எங்க அம்மாவும் உள்ளதான் இருக்கு. அந்தச் சேர் ஆடும்க்கா, இங்கிட்டு வாங்க.

பாருங்க பாருங்க, இந்தக் கரடி ஓடுதுல்ல? கரடிய விடுங்க, பின்னாடி தென்னமரத்தப் பாருங்க. ஒன்னு, ரெண்டு, மூணு. இப்ப மறுபடி முதல் மரமே வரும், ஒரு மட்டை ஒடிஞ்சு தொங்கும் பாருங்க. வந்துச்சா? மூணே மூணு மரத்த வரைஞ்சுட்டு ஊரு பூரா நட்டு வச்சிருக்கான். இந்தச் சோம்பேறித்தனம்தான் எனக்கு ஆகவே ஆகாது. உலகத்துல ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இருக்குமா சொல்லுங்க? வரையறவனுக்குக் கை எதுக்கு, கண்ணு எதுக்கு?

நான் யாருன்னே சொல்லல பாருங்க. சுகப்பிரியா. அனிமேஷன் ஆர்ட்டிஸ்ட். வேலை இன்னும் கிடைக்கல, ஆனா ஆர்ட்டிஸ்ட்தான். விஸ்காம் டிகிரி முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. இப்போதைக்கு ஆரப்பாளையத்துல ஒரு கடையில ஃப்ளெக்ஸ் டிசைன் பண்றேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனைப் புகுவிழா. மாமன்மார் இருபது பேரு தலைய வரிசையா ஒட்டணும். ஒருத்தருக்கு வழுக்கைல முடி வைக்கணும், ஒருத்தருக்குத் தொப்பைய உள்ள தள்ளணும், ஒன்றரைக் கண்ண நேராக்கணும். திருத்தித் திருத்திக் கை பழகிருச்சு. ஒரு மூஞ்சியக் குடுத்தீங்கன்னா ரெண்டு நிமிசத்துல குத்தமே இல்லாம குடுத்துருவேன்.

ஆனா என் உசுரு அனிமேஷன்லதான். நான் பாக்காத படம் இல்லக்கா. இப்ப வருதே பெரிய பெரிய கம்ப்யூட்டர் படம், அதுல முடி ஒவ்வொன்னும் தனித்தனியா ஆடும், நனைஞ்சா ஒட்டும், காஞ்சா பறக்கும். தியேட்டர்ல எல்லாரும் வாயப் பிளந்து பாப்பாங்க. நான் காலப் பாப்பேன். கால் தரையில பட்டும் படாம வழுக்கிக்கிட்டுப் போகும். உடம்புல வெயிட்டே இருக்காது. ஒரு ஆளு நடந்தா தரைக்குத் தெரியணும்ல?

நம்ம ஊரு சாமி கார்ட்டூன் இருக்கே, அது அதுக்கு மேல. எல்லா சாமிக்கும் ஒரே மூஞ்சி. மீசை வச்சா அப்பா, எடுத்தா மகன். வயித்துல ஆறு கட்டு வேற. சாமி எந்த ஜிம்முக்குப் போச்சு? மழைய வரைவாங்க பாருங்க, சீப்பு வச்சு இழுத்த மாதிரி கோடு கோடா. மதுரையில மழை அப்படியா வருது? முதல்ல புழுதி வரும். அப்புறம் கடைக்காரன் தார்ப்பாயத் தேடுவான். அதுக்கப்புறம்தான் சொட்டு விழும். அத ஒருத்தனும் வரைய மாட்டான்.

நல்லதே இல்லைன்னு சொல்லல. வெளிநாட்டுப் படம் ஒன்னு, கையாலயே வரைஞ்சது, பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. அதுல ஒரு அடுப்படி வரும். குழாய் மேல கரித்துணி ஒன்னு காயுது. பாதி காஞ்சிருக்கு, பாதி ஈரம். ஈரமா இருக்கிற பக்கம் மட்டும் கொஞ்சம் கருத்துப்போய் தொங்குது. அம்புட்டுதான். கதையில அந்தத் துணிக்கு ஒரு வேலையும் கிடையாது. அதப் பாத்து நான் அழுதுட்டேன்க்கா. அந்தக் காட்சியில நடுவுல ஒரு பொம்பள உக்காந்து ஏதோ பேசும், என்ன பேசுச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. படம் பாக்கும்போது நான் கையால ஆளுங்கள மறைச்சுக்கிட்டு ஓரத்தத்தான் பாப்பேன். எங்க அம்மா திட்டும். "நடுவுல இருக்கிறத விட்டுட்டு மூலையில என்னடி தேடுற?" அதுக்கு ஆர்ட் தெரியாது, விடுங்க.

அம்மா பேரு தவமணி. இங்க பெரிய ஜவுளிக்கடை ஒன்னுல பட்டு செக்‌ஷன். இருபத்தோரு வருசம். காலைல ஒம்பதரைக்கு நின்னுச்சுன்னா கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். இப்ப ஸ்டூல் போட்டிருக்காங்க, ஆனா கஸ்டமர் இருக்கும்போது உக்காந்தா மேனேஜர் மூஞ்சி கோணும். கஸ்டமர் எப்ப இல்லாம இருந்தாங்க? அம்மாகிட்ட ஒரு கைவேலை இருக்கு. நெசவுல இழை விட்ட சேலை வரும்ல, அதுக்கு டேமேஜ் பீஸுன்னு பேரு. அந்த இடம் உள்பக்கம் போற மாதிரி மடிச்சு வைக்கும் பாருங்க, விரிச்சு உதறுனாத்தான் தெரியும். அதுல அம்மாவ அடிச்சுக்க கடையில ஆள் கிடையாது.

அப்படி சேலைக்குள்ளயே வளந்தவ நான். அதான் சொல்றேன், உலகத்துல எந்த அனிமேஷன்காரனுக்கும் சேலைய நடக்க வைக்கத் தெரியாது. திரைச்சீலைய இடுப்புல சுத்துன மாதிரி விட்ருவாங்க. நெசத்துல எப்படின்னா, முதல்ல பாதம் கொசுவத்த எத்தும், கொசுவம் முன்னால போகும், கால் இறங்குன பிறகும் அது ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் அடங்கும். இத உலகத்துக்கே காட்டணும்னு எனக்கு ஒரு வெறி.

அதுக்குன்னே வந்த மாதிரி வந்துச்சு அந்த டெஸ்ட்டு. சென்னையில ஒரு ஸ்டுடியோ, பேரு வேணாம், கையால வரையற ஆளு எடுக்குறாங்கன்னு போட்டிருந்தாங்க. ஒருத்தர் நடந்து வரணும், பத்து செகண்ட், அம்புட்டுதான் டெஸ்ட்டு. செகண்டுக்கு இருபத்துநாலு படம். ஒவ்வொன்னுக்கும் ஃப்ரேம்னு பேரு. மொத்தம் இருநூத்தி நாப்பது. எல்லாப் பயலுகளும் ரோபோ, சிங்கம், கத்தி வச்ச ஹீரோன்னு வரைவானுக. நான் அம்மாவ வரையலாம்னு முடிவு பண்ணுனேன்.

செவ்வாக்கிழமை அம்மாவுக்கு லீவு. ஏப்ரல் முதல் வாரம். எங்க சந்துல செல்போன ஸ்டூல் மேல நிக்க வச்சு, அம்மாவ அந்தக் கடைசியில இருந்து நடந்து வரச் சொன்னேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி எண்ணுனேன். வலது கால் எடுத்து வைக்கப் பன்னெண்டு ஃப்ரேம். இடது காலுக்குப் பதினாலு.

ரெண்டு ஃப்ரேம்னா எம்புட்டுன்னு நினைக்கிறீங்க? ஒரு செகண்ட பன்னெண்டா வெட்டி அதுல ஒரு துண்டு. வேற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்குப் பேருதான்க்கா கண்ணு.

போன்லதான் கோளாறுன்னு நினைச்சேன். அடுத்த செவ்வாயும் எடுத்தேன். அப்பயும் பதினாலு. போதாக்கொறைக்கு இடது முட்டிய வலதவிட ஒசத்தித் தூக்குது, பாதம் டப்புன்னு தரையில விழுது. எனக்குக் கோவம். "அம்மா, கேமராவப் பாத்ததும் ஆக்ட் பண்ணாத. ஒழுங்கா நட"ன்னேன். "நடக்குறதுல என்னடி ஒழுங்கு?"ன்னு சிரிச்சுச்சு. மூணாவது வாரம் எடுத்தா பதினஞ்சு! என்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே செய்யுதுன்னு ரெண்டு நாள் பேசல நான்.

செருப்பு ஒரு கதை. மார்ச், ஏப்ரல் ரெண்டே மாசத்துல அம்மா மூணு ஜோடி செருப்பு மாத்திருச்சு. "லூசுடி, இடது கால்ல நிக்கவே மாட்டேங்குது"ன்னு ஒவ்வொரு கடைக்காரரையும் திட்டும். தூக்கிப்போட்ட பழசு ஒன்ன நான் எடுத்து வச்சேன். வலது செருப்பு புதுசாட்டம் இருக்கு. இடதுல மட்டும் பெருவிரல் பக்கம் தேஞ்சு ஓட்டை. அந்தத் தேய்மானம் எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா? ஓரம் மெலிஞ்சு, வெளிச்சம் உள்ள வந்து... அந்தக் கரித்துணிக்குப் பிறகு நான் அப்படி ரசிச்சது அந்தச் செருப்பத்தான். ரெண்டு மணி நேரம் உக்காந்து பென்சில்ல வரைஞ்சேன். நோட்டு பையில இருக்கு, அப்புறம் காட்டுறேன்.

முதல்ல அறுபது தாள் வரைஞ்சேன், வீடியோவுல இருந்த மாதிரியே. ஓட்டிப் பாத்தா நடை நொண்டுச்சு. அனிமேஷன் தெரியாதவ வரைஞ்ச மாதிரி இருந்துச்சு. இத அனுப்புனா நான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு நினைக்க மாட்டாங்களா? அதனால இடது கால் படத்தையெல்லாம் எடுத்துட்டேன். வலது கால் வரைஞ்ச தாளத் திருப்பி வச்சு டிரேஸ் எடுத்து, அதையே இடது காலாப் போட்டுட்டேன். பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு. கடிகாரம் தோத்துரும். அனுப்பிட்டேன்.

என்ன சிரிக்கிறீங்க? தென்னமரமா? அது வேற, இது வேறக்கா. சரி, அதே கூத்துதான், விடுங்க. நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு அது தோணல.

மே மாசம் பதில் வந்துச்சு. எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க, அங்க பெரிய ஆளு. "கோடு சுத்தமா இருக்கு. சேலை ரொம்ப அருமை. ஆனா நடக்குறது யாருன்னு தெரியல. ஒருத்தரப் பாத்து வரைஞ்சு ஜூன் இருபதுக்குள்ள இன்னொரு தடவை அனுப்புங்க." எனக்கு வந்துச்சே ஆத்திரம்! பாத்து வரையலையா? மூணு வாரம் பாத்திருக்கேன், ஃப்ரேம் எண்ணிப் பாத்திருக்கேன், என்னையவா சொல்றாங்க? ஸ்டுடியோவுல உக்காந்திருக்கிறவங்களுக்குக் கண்ணு இல்லன்னு நோட்டுல பக்கம் பக்கமா எழுதி வச்சேன். திரும்ப வரையவே மாட்டேன்னு பென்சில உடைச்சுப் போட்டேன். உடைச்சது சின்னப் பென்சில்தான், நல்ல பென்சில் விலை அதிகம்.

அந்த வாரத்துலயே அம்மா விழுந்துருச்சு.

முகூர்த்த சீசன். கடையில நிக்க இடம் இல்ல. மாடிப்படியில பட்டுச் சேலைக் கட்டோட இறங்கியிருக்கு, இடது கால் படியில தட்டி அப்படியே முன்னால போயிருக்கு. வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. கடையில இருந்து கூட்டிட்டு வந்தவர் என்னைப் பாத்ததும் முதல்ல சொன்னது, "சேலைக்கு ஒன்னும் ஆகலம்மா." பாவம், அவரும் பதட்டத்துல இருந்தார்.

எலும்பு டாக்டரு ரஹ்மத்துல்லா சார். கையில மாவுக்கட்டு போட்டு முடிச்சவரு, அம்மா கட்டில்ல இருந்து இறங்குறதப் பாத்துட்டு, "கொஞ்சம் நில்லுங்க"ன்னார். மறுபடி படுக்க வச்சு, "ரெண்டு பாதத்தையும் மேல மடக்குங்கம்மா"ன்னார். வலது மடங்குச்சு. இடது சும்மா கிடந்துச்சுக்கா. அம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு தூக்கப் பாக்குது, அது வேற யாரோ விட்டுட்டுப் போன பாதம் மாதிரி கிடக்குது.

"எத்தன நாளா?"ன்னார். "இப்ப விழுந்ததுலதான் சார்"னுச்சு அம்மா. அவர் அம்மாவையும் பாத்தார், என்னையும் பாத்தார். "விழுந்ததுல கால் இப்படி ஆச்சா, கால் இப்படி ஆனதால விழுந்தீங்களா? எனக்கு அது தெரியணும். இன்னைக்கு வந்ததுன்னா இன்னைக்கே ஆபரேஷன் பத்திப் பேசணும். இடுப்பெலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு நழுவி நரம்ப அழுத்துதுன்னு நினைக்கிறேன்."

நான் போன எடுத்து நீட்டுனேன். மூணு வீடியோ, மூணு தேதி. "இடது கால் முதல்ல பதினாலு சார், அடுத்த வாரமும் பதினாலு, மூணாவது வாரம் பதினஞ்சு. வலது எப்பவும் பன்னெண்டு"ன்னேன். அவர் மூணையும் ரெண்டு ரெண்டு தடவை பாத்தார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்திருக்கு, நல்லவேளை"ன்னார். "இதெல்லாம் நீங்களா எண்ணுனீங்க?" "ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணுனேன் சார்." பெருமையாச் சொன்னேன்க்கா, அம்மா அங்கிட்டு கட்டில்ல கிடக்குது, நான் பெருமையாச் சொல்றேன்.

"இம்புட்டு பாத்திருக்கீங்க, அப்ப ஏம்மா கூட்டிட்டு வரல?"ன்னார்.

திட்டல அவர். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். "திருத்திட்டேன் சார்"னேன்.

அவருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு.

இல்லக்கா, அழல. ஏசி கண்ணுல படுது. தண்ணி இருக்கு, வேணாம். நல்ல விசயமும் இருக்கு, ஸ்கேன் பாத்துட்டு ஆபரேஷன் இப்ப வேணாம், முதல்ல பெல்ட்டு, மாத்திரை, எக்சர்சைஸ்னு சொல்லிட்டாங்க. பாதம் தொங்காம இருக்க பிளாஸ்டிக்ல ஒரு பட்டை குடுத்திருக்காங்க, செருப்புக்குள்ள போட்டுக்கணும். நாலு வாரமா தினமும் இங்க வர்றோம். டிவிக்கு நான்தான் இப்ப பொறுப்பு.

போன வாரம் அம்மாவுக்கு நான் அனுப்புன படத்தப் போட்டுக் காட்டுனேன். அதுவரைக்கும் காட்டவே இல்ல. மாவுக்கட்டு கைய மடியில வச்சுக்கிட்டு ரெண்டு தடவை பாத்துச்சு. "யாருடி இது?"ன்னுச்சு. "நீதாம்மா." "நானா? சேலை என் சேலைதான், ஆளு நான் இல்லையே." அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "டேமேஜ உள்ள வச்சு மடிச்சுட்டியேடி, எனக்குப் பெறந்தவதான் நீ"ன்னுச்சு.

அப்பதான் சொல்லுச்சு. அதுக்கு ஜனவரியிலயே தெரியுமாம். பாதம் மரத்துப்போன மாதிரி இருக்குமாம். கடையில தெரிஞ்சா பட்டு செக்‌ஷன்ல இருந்து எடுத்து பேக்கிங்ல போட்ருவாங்கன்னு, முட்டிய ஒசத்தித் தூக்கி நடக்கப் பழகியிருக்கு. இருபத்தோரு வருசம் நின்ன இடத்த விட்டுக் குடுக்க மனசு வரல. "நீ கேமராவத் தூக்கிட்டு வந்தப்ப பயந்தே போனேன், கண்டுபிடிச்சிருவியோன்னு. நீ ஆக்ட் பண்ணாதன்னு சொன்ன பாரு, அப்பாடான்னு இருந்துச்சு"ன்னுச்சு.

அந்த அறுபது தாளு இருக்குல்ல, முதல்ல வரைஞ்சது, நொண்டுற நடை. அது பையில இருக்கு. இப்ப ஓட்டிப் பாத்தா அதுல அம்மா இருக்கு. எஸ்தர் மேடம் கேட்ட ஆளு அதுலதான் இருக்கு. மிச்சத்தையும் வரைஞ்சு அனுப்புனா வேலை கிடைச்சாலும் கிடைக்கும். ஆனா எனக்குக் கை வரலக்கா. அம்மாவுக்கு முடியாமப் போன கால வச்சு நான் வேலை வாங்குறதா? அம்மாகிட்ட கேட்டா, "என் நடைதானே, அனுப்பு. வேணும்னா இன்னொரு தடவை அதே மாதிரி நடந்து காட்டட்டுமா?"ங்குது. கிண்டலப் பாருங்க.

எஸ்தர் மேடம் சொன்ன தேதிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நான் ஒரு முடிவு பண்ணிருக்கேன். இன்னைக்கு அம்மா வாக்கர் இல்லாம, யாரும் பிடிக்காம, தானா அந்தக் கதவத் தாண்டி வெளிய வரணும்னு ஃபிசியோ மேடம் சொல்லிருக்காங்க. இன்னைக்கு நடைய எடுத்து வரைஞ்சிரலாம்னு. அது நேத்து நடையும் இல்ல, நாளைக்கு நடையும் இல்ல. அதான் போன இப்படி பைமேல சாச்சு வச்சிருக்கேன். நீங்க குறுக்க வராம உக்காந்திருக்கீங்களே, அதுவே பெரிய உதவி.

இருங்க, கதவு திறக்குது. உங்க வீட்டுக்காரர் இல்ல, எங்க அம்மாதான்.

பாருங்க, முட்டி முன்ன மாதிரி ஒசரல. வலது... இடது... வலது... இடது. பதிமூணுக்கா! சத்தியமா பதிமூணு. என் கண்ணு தப்பாது, தப்புன ஒரே தடவை அம்மா ஆக்ட் பண்ணுதுன்னு நினைச்சதுதான். கொசுவத்தப் பாருங்க, எத்துது பாருங்க!

ஐயோ, அந்த வாசல்ல ஒரு சின்னப் படி இருக்கு. அம்மா கீழ பாக்கல, என்னையே பாத்துக்கிட்டு வருது. போனப் பாத்துட்டு வெரசா நடக்குது பாருங்க, கேமரான்னதும்... அக்கா, இந்தாங்க, இந்தப் போனப் பிடிங்க. படம் பதிஞ்சா பதியட்டும், பதியாட்டிப் போகட்டும். நான் போறேன்.

அம்மா, நில்லு. படி இருக்கு. கையக் குடு. ஃபிசியோ மேடம் திட்டுனா திட்டட்டும், குடு. மெதுவா. ஒழுங்கா எல்லாம் நடக்க வேணாம்மா. நீ நடக்குற மாதிரி நட.